வளர்த்தியா, வீக்கமா?

லாரியின் முகத்தைப் படிக்கத் தெரிந்தால் நம் தேசத்தின் அரை நூற்றாண்டுச் சரித்திரத்தை நடுரோட்டில் நின்றபடியே படித்துவிடலாம். டாடா லாரிகளின் முகப்பிலோ கதவிலோ நான்கு இலக்க எண் ஒன்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது யாருடைய ராசி எண்ணும் அல்ல. முதல் இரண்டு இலக்கம், வண்டியும் சரக்கும் சேர்ந்து இத்தனை டன் இருக்கலாம் என்ற கணக்கு. பின் இரண்டு இலக்கம் எஞ்சினின் குதிரைச் சக்தியைச் சுமாராகச் சொல்வது. பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் நம் ரோடுகளை ஆண்டது 1210. அதாவது பன்னிரண்டு டன். அப்புறம் 1612 வந்தது. பிறகு 2515, பிறகு 4923. இப்போது 5530 என்று எழுதிய ராட்சஸர்கள் ஓடுகிறார்கள். திருமுல்லைவாயிலில் சி.டி.எச். ரோட்டைக் கடப்பதற்காக நிற்கும்போது இந்தப் பாடம் முழுவதையும் ஒருமுறை ஒப்பித்து முடித்துவிடலாம். அவ்வளவு நேரம் கிடைக்கும்.

பெருத்ததையெல்லாம் திட்டுவது என் நோக்கமல்ல. லாரியின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வரும் இரும்பையும், அங்கிருந்து போகும் சாமானையும் நாலைந்து சிறிய லாரிகள் இழுத்த காலம் போய், ஒரே டிரெயிலர் இழுத்துப் போகிறது என்றால் டீசல் மிச்சம், ஆள் மிச்சம், புகையும் கொஞ்சம் மிச்சம். சுமை கூடிற்று, வண்டி கூடிற்று, வண்டியைத் தாங்கச் சக்கரமும் கூடிற்று. நியாயமான கணக்கு.

ஆனால் அந்த நியாயத்துக்கும் 2018-ல் ஒரு பங்கம் வந்தது. அந்த ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார், லாரிகள் ஏற்றலாமென்ற எடையை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன் என்றிருந்தது 18.5 டன் ஆயிற்று. நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சின் மேல் 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆயிற்று. சக்கரம் கூடவில்லை, சுமை மட்டும் கூடிற்று. பதின்மூன்று சதவிகிதம்தானே என்று தோன்றும். ரோட்டுக்கு அப்படித் தோன்றாது. 1958-லிருந்து 1960 வரை அமெரிக்காவில், இல்லினாய் மாகாணத்தில், ரோடுகள் போட்டு லாரிகளை இரவும் பகலும் ஓட விட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். அச்சின் மேல் விழும் எடை கூடக்கூட, ரோட்டின் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் வர்க்கத்தில் கூடுகிறது என்று கண்டார்கள். அந்தக் கணக்கைப் போட்டால் பதின்மூன்று சதவிகித எடைக்குச் சேதம் அறுபது சதவிகிதத்துக்கு மேல் வருகிறது. லாரிக்காரருக்கு லாபம் பதின்மூன்று. ரோட்டுக்கு நஷ்டம் அறுபது. நஷ்டத்தைக் கட்டுகிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தில் ஸ்கூட்டரை விட்டுக் கையை ஒடித்துக்கொண்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்.

எங்கள் ஊரிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் ஆவடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது, நாகரிகமான பெயர், செய்வது டாங்கி. 1965-ல் அங்கிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கி சுமார் 39 டன். பின்னால் வந்த அர்ஜுன் 58.5 டன். அதன் புதிய வடிவம் 68 டன். டாங்கியும் பெருத்துவிட்டது, பார்த்தீர்களா? ஆனால் அதற்கும் காரணம் கேட்டால் கிடைக்கும். எதிரியின் குண்டு பலமாகிவிட்டது, ஆகவே நம் கவசம் கனத்துவிட்டது. எதிரி யார், எந்தத் திசையில் இருக்கிறான் என்பதெல்லாம் ராணுவத்தாருக்குத் தெரியும்.

லாரி பெருத்தது சரக்குக்காக. டாங்கி பெருத்தது எதிரிக்காக. கார் எதற்காக ஐயா பெருத்தது? சோழம்பேடு ரோட்டில் யார் எதிரி? டியூஷனுக்குச் சைக்கிளில் போகிற பையனா?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அந்தக் கார் நிலைபெற்றபோது அதன் நீளம் 3.34 மீட்டர், அகலம் 1.44 மீட்டர், எடை சுமார் 650 கிலோ. அதற்கு முன்னால் மத்தியதர வர்க்கத்தின் கனவாக இருந்த பிரீமியர் பத்மினி அகலத்தில் அதைவிட இரண்டு மூன்று செண்டிமீட்டர்தான் கூட. இன்று அதே வர்க்கத்தின் கனவாக இருக்கும் நெக்ஸான் 1.80 மீட்டர் அகலம். ஸ்கார்ப்பியோ-என் 1.92 மீட்டர். ஃபார்ச்சூனர் இரண்டு டன்னுக்கு மேல். மூன்று மாருதி 800-ஐ உருக்கி வார்த்த மாதிரி. நாட்டில் 2023-24-ல் விற்ற பயணிக் கார்களில் பாதிக்கு மேல் இந்த உயர ஜாதிதான். அதற்குள் உட்காருகிற மனிதர் மட்டும் அதே அளவில்தான் இருக்கிறார். கொஞ்சம் தொப்பை போட்டிருக்கலாம்; அதற்கு முப்பத்தாறு செண்டிமீட்டர் வேண்டியதில்லை.

"அம்பாஸிடர் மட்டும் சிறிய காரா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. 2014 வரை தயாரான அந்த வண்டி 4.3 மீட்டர் நீளம், 1.66 மீட்டர் அகலம். எடை ஒரு டன்னைத் தாண்டும். ஆனால் அம்பாஸிடர் எப்படி ஓடியது என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர், மடியில் இரண்டு குழந்தைகள், மேலே படுக்கையும் பெட்டியும். திருப்பதிக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டு திரும்புகிற ஒரு குடும்பமே அதற்குள் இருக்கும். அது ஒரு சின்ன பஸ். இன்று எங்கள் தெருவில் பதினெட்டு அங்குலச் சக்கரமும் ஏழு ஆசனமும் உள்ள வண்டி காலையில் கிளம்பிப் போய், ஒருவரை இறக்கி, ஒரு கட்டுக் கொத்தமல்லியை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது.

இந்தப் பெருக்கத்துக்கு ஜனங்களின் ருசிதான் காரணம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். எனக்குச் சம்மதமில்லை. ருசிக்கு முன்னால் சட்டம் இருக்கிறது. 2006-ம் வருஷத்து பட்ஜெட்டில், நீளம் நான்கு மீட்டருக்குள் இருந்து எஞ்சினும் சிறியதாக இருந்தால் அது சிறிய கார், அதற்கு வரி குறைவு என்று வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். உடனே என்ன நடந்தது? கார்களுக்கெல்லாம் வால் அறுந்தது. முதலில் வந்த டிசையர் நான்கு மீட்டரைத் தாண்டியிருந்தது. 2012-ல் வந்த டிசையரின் டிக்கியைக் கத்தரித்து 3,995 மில்லிமீட்டருக்குள் அடக்கினார்கள். மறைமலை நகரில் செய்த எகோஸ்போர்ட் 3,999. நெக்ஸான், பிரெஸ்ஸா, வெனியூ எல்லாம் 3,995. பாட்டா கடையில் செருப்புக்கு 99 ரூபாய் 95 பைசா என்று விலை போடுவார்களே, அந்த சாமர்த்தியம்தான்! நீளத்தில் ஐந்து மில்லிமீட்டருக்குக் கணக்குப் பார்த்த சர்க்கார், அகலத்தையும் உயரத்தையும் எடையையும் திரும்பியே பார்க்கவில்லை. பூசணிக்காயைக் குழாய்க்குள் வளர்த்தால் நீளும். தட்டு வைத்துத் தடுத்தால் பக்கவாட்டில் பெருக்கும். கார் பூசணிக்காய்க்குச் சளைத்ததா? பக்கவாட்டிலும் மேலேயும் பெருத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வரி மாறிற்று: சிறிய காருக்கு 18 சதவிகிதம், பெரிய காருக்கு 40 சதவிகிதம். வரி மாறியதே தவிர அளவுகோல் மாறவில்லை. இன்றும் நீளமும் எஞ்சினும்தான்.

ஜப்பானியர்களும் சிறிய காருக்குச் சலுகை தந்தார்கள். மாருதி 800-ன் பிறந்த வீடே அந்தச் சலுகைக் கார்தான். ஆனால் அவர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தார்கள். மாருதி நம் நாட்டுக்கு வந்த சமயத்தில் அங்கே அந்த வகைக் காருக்கு அகலம் 1.40 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இன்று 1.48. நாற்பது வருஷத்தில் எட்டே செண்டிமீட்டர்! அந்தக் காரை அங்கே பிச்சைக்காரன் வண்டி என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. விற்கிற கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அதுதான். பெரிய கார் வாங்குகிறவர், அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் ஸ்டேஷனில் சான்று வாங்கி வரவேண்டும் என்றும் 1962-லிருந்து சட்டம் வைத்திருக்கிறார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தால் எங்கள் பேட்டையில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று விரல்விட்டு எண்ணலாம்.

பெரிய வாகனத்தால் திருமுல்லைவாயிலுக்கு வந்த சங்கடம் புதிதல்ல. தொண்டைமான் யானைமேல் வந்தபோது யானையின் காலில் முல்லைக்கொடி சிக்கிக்கொண்டதாகவும், அவன் வாளை வீசிக் கொடியை அறுக்கப்போய் உள்ளேயிருந்த சிவலிங்கத்தின் மேல் பட்டு ரத்தம் பெருகியதாகவும் எங்கள் மாசிலாமணீசுவரர் கோயிலின் புராணம். யானை மாட்டிக்கொண்டதற்கே ஒரு கோயில் எழும்பிற்று. இப்போது தினசரி மாட்டிக்கொள்கிற யானைகளுக்கெல்லாம் கோயில் கட்டுவதென்றால் செங்கல் போதாது.

வேடிக்கை கிடக்கட்டும். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய மனைப்பிரிவுகளில் தெரு இருபது அடி. அதாவது 6.1 மீட்டர். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மாருதி 800 நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 3.2 மீட்டர் மிஞ்சும். எந்த வண்டியும் போகும்; பால்காரரும் ஒதுங்கலாம். அதே இடத்தில் இரண்டு ஸ்கார்ப்பியோ-என் நின்றால் மிஞ்சுவது 2.27 மீட்டர். பக்கக் கண்ணாடிகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கழித்தால் இரண்டு மீட்டரை ஒட்டி வரும். அப்புறம் வீட்டு வாசலில் ராம்ப். வண்டி கனமாகவும் உயரமாகவும் ஆக, ராம்பும் சாக்கடையைத் தாண்டித் தெருவுக்குள் நாக்கை நீட்டிவிட்டது. அதையும் கழியுங்கள். ஆம்புலன்ஸ் வண்டியின் அகலம் ஏறத்தாழ இரண்டு மீட்டர்.

இது தாளில் போட்ட கணக்கு மட்டுமல்ல. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவருக்கு மாரடைப்பு. ஆம்புலன்ஸ் சீக்கிரமாகத்தான் வந்தது, தெருமுனையில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து இரண்டு பக்கக் கார்களையும் பார்த்தார், ஒரு கண்ணாடியை மடக்கினார், இன்னொன்றை மடக்கினார், தலையை ஆட்டினார். "இது உள்ள வராதுங்க. யாராவது ஒரு சேர் கொண்டாங்க" என்றார். வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பெரியவரை அதில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு, மழையில், ஒருக்களித்து ஒருக்களித்து, கார்களின் நடுவே போனோம். அவருடைய மனைவி ஒரு குடையை நாற்காலிக்கு மேலே பிடித்தபடி பின்னால் வர முயன்றாள். இருவர் சேர்ந்து போக இடமில்லாததால் குடை பின்தங்கிவிட்டது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். கார்க்காரர்கள் இருவரும் நல்லவர்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், ஆளுக்கொரு பெரிய காரில்.

அவர்களில் ஒருவர் என் சிநேகிதர். இந்த விஷயத்தை நான் எடுத்தபோது, "சார், உங்களுக்கு என்ன, நீங்க பஸ்ஸிலயும் போவீங்க. எனக்கு ரெண்டு கொழந்தைங்க. சேஃப்டி வேணும் சார். மழை வந்தா தண்ணி நிக்குது. கீழ இருக்கற கார வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். இரண்டும் தள்ளிவிடத்தக்க காரணங்கள் அல்ல. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தண்ணீரில் மூழ்கிய காரைக் கண்ணால் கண்டவர் உயரமான வண்டி தேடுவதை எப்படிக் குற்றம் சொல்வது?

ஆனால் தரையிலிருந்து உயரம் வேண்டுமென்றால் அகலம் எதற்கு? மாருதி ஜிப்ஸி என்ற வண்டியை ராணுவமே வைத்திருந்தது. காடு, மலை, ஆறு எல்லாவற்றிலும் இறங்கி ஏறிற்று. அதன் அகலம் 1.54 மீட்டர்; எடை ஒரு டன்னுக்குள். சாக்கடை சரியில்லாத ஊரில் சாக்கடையைச் சரிசெய்வதற்குப் பதில், வசதியுள்ளவர்கள் தலைக்கு இருபது லட்சம் செலவழித்து அதற்கு மேலே ஏறிக்கொண்டார்கள். ஏற முடியாதவர்கள்மேல் அந்த வண்டியின் அலை வந்து அடிக்கிறது. அவ்வளவுதான் நடந்திருப்பது.

பாதுகாப்பு என்பது இன்னும் பொல்லாத விஷயம். யாருக்குப் பாதுகாப்பு? உள்ளே இருக்கிறவருக்கு. கதவுக்குள் இரும்புச் சட்டம், காற்றுப் பை, மோதல் சோதனை இவையெல்லாம் வந்தது நல்லதே. அவற்றால் எடை கொஞ்சம் கூடினால் கூடட்டும். ஆனால் பானெட் ஏன் மதிற்சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும்? தாழ்ந்த பானெட் காலில் அடித்து ஆளைத் தன் மேல் சாய்த்துக்கொள்ளும். உயர்ந்த பானெட் மார்பிலும் தலையிலும் அடித்துத் தரையில் தள்ளும். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கென்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் நிறுவனம் ஒன்று சுமார் 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்ட முடிவு: பானெட்டின் முன் விளிம்பு நாற்பது அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டி, முப்பது அங்குலத்துக்குள் தாழ்ந்து சரிந்த வண்டியைவிட, நடந்து போகிறவரைக் கொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவிகிதம் அதிகம். நாற்பது அங்குலம் என்பது ஒரு மீட்டர். நம் வீட்டு ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் ஒரு மீட்டரும் ஒரு சாணில் பாதியும். என் சிநேகிதரின் குழந்தைகள் காருக்குள் இருக்கும்போது பத்திரமாக இருக்கிறார்கள். அவர்கள் காரைவிட்டு இறங்கி, எதிர்வீட்டு வாசலுக்கு ஓடும்போது, எதிர்வீட்டுக் காரின் முன்னால் இருக்கிறார்கள்.

இதைத்தான் டாங்கிக் கணக்கு என்கிறேன். அவன் பெரியது வாங்கினான், ஆகவே எனக்குப் பயம். நான் அதைவிடப் பெரியது வாங்கினேன், ஆகவே அவனுக்குப் பயம். ஆவடியில் இந்தக் கணக்குக்கு ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. தெருவில் கிடையாது. சில வண்டிகளின் முன்னால் இரும்புக் கம்பி வேறு கட்டியிருந்தார்கள். 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார் அதைக் கூடாதென்று சொல்லிற்று. இன்னும் கண்ணில் படுகிறது.

அயல்நாட்டாரெல்லாம் புத்திசாலிகள் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்கர்கள் நம்மைவிடப் பெரிய தவறு செய்தார்கள். பெட்ரோலைச் சிக்கனமாக எரிக்க வேண்டும் என்று 1975-ல் சட்டம் போட்டார்கள். சிறிய லாரிகளுக்கு மட்டும் தளர்த்திவிட்டார்கள், பாவம் விவசாயிகள் வைத்திருப்பார்கள் என்று. கம்பெனிகள் குடும்பக் காரையே லாரி என்று பெயர் மாற்றிச் செய்ய ஆரம்பித்தன. அந்த ஊரிலும் ருசிக்கு முன்னால் சட்டம்தான் வந்தது. பாரிஸ் நகரத்தில் 2024 பிப்ரவரியில் இதற்கென்றே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். வெளியூரிலிருந்து வரும் 1.6 டன்னுக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு நிறுத்தக் கட்டணம் மும்மடங்கு. நகரத்தின் நடுப்பகுதியில் மணிக்குப் பதினெட்டு யூரோ. ஓட்டுப் போட வந்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர்தான். வந்தவர்களில் பாதிக்கு மேல் சரி என்றார்கள். அந்த வருஷம் அக்டோபர் முதல் வசூலிக்கிறார்கள்.

பாரிஸ் அளவுக்கு நான் ஆசைப்படவில்லை. தமிழ்நாட்டில் இப்போது காருக்கு ஆயுள் வரி விலையைப் பார்த்து வாங்குகிறார்கள். 2023 நவம்பரிலிருந்து விலைக்குத் தக்கபடி 12 முதல் 20 சதவிகிதம் வரை. விலை உயர்ந்தால் வரி உயரும் என்பது சரிதான். ஆனால் தெருவுக்கு விலை தெரியாது. தெருவுக்குத் தெரிந்தது அகலமும் கனமும். இதே சர்க்கார் ஒரு காலத்தில் காருக்கு வருஷ வரியை, வெறும் வண்டியின் எடையைப் பார்த்து, இத்தனை கிலோவுக்குள் என்றால் இவ்வளவு, அதற்கு மேல் என்றால் இவ்வளவு என்றுதான் வாங்கிக்கொண்டிருந்தது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுமில்லை. அந்தப் பழைய அட்டவணையை எடுத்துத் தூசி தட்டி, எடையோடு அகலத்துக்கும் ஒரு வரி சேர்த்தால் போதும். சிறிய கார் என்ற சலுகைக்கு நான்கு மீட்டர் நீளம் என்பதோடு, அகலம் இத்தனைக்குள், பானெட் உயரம் இத்தனைக்குள் என்று இரண்டு நிபந்தனை டில்லியில் சேர்க்கட்டும். டிக்கியைக் கத்தரிக்கத் தெரிந்த எஞ்சினியர்களுக்குப் பக்கவாட்டைக் கத்தரிக்கத் தெரியாதா? மூன்றே வருஷத்தில் அழகான, ஒடிசலான, மழைத் தண்ணீரில் இறங்கும்படியான கார்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்; அதற்கும் ஜனங்களின் ருசிதான் காரணம் என்று விளம்பரம் செய்வார்கள். செய்துகொள்ளட்டும்.

அளப்பதற்குப் புதிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். காரின் வெற்று எடை ஆர்.சி. புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது. அகலத்துக்கு ஆபீஸ் பியூன் கையில் ஒரு டேப் கொடுத்தால் போதும்.